பதினோரு நிமிடம் மூத்தவள்

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

இரண்டு வாரமாக நீ போனை எடுக்கவில்லை. நேற்று உன் மகள்தான் எடுத்தாள். "அம்மா உங்ககூடப் பேசமாட்டாங்களாம் சித்தி. உங்க குரல் அவங்க குரல் மாதிரியே இருக்கா, திட்ட வரமாட்டேங்குதாம். எதுவா இருந்தாலும் எழுதச் சொன்னாங்க" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு அழுகை வந்தது. வந்ததைத் தள்ளாமல் உட்கார்ந்து கவனித்தேன். அது போன பிறகு எழுதுகிறேன்.

உன் கோபம் எதற்கென்று தெரியும். நான் நடத்தும் ஆரோக்கிய வகுப்பின் வீடியோவைப் பார்த்திருக்கிறாய். அதில் உன் படத்தைக் காட்டியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் காட்டியது சரியில்லைதான். ஆனால் எதற்காகக் காட்டினேன் என்பதையும் கேள்.

நவம்பரில் இரட்டையர் ஆய்வுக்கு இருவரும் ரத்தம் கொடுத்தோமே, அதன் முடிவு வந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாம் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். மரபணுவில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். இருவருக்கும் வயது ஐம்பது. ஆனால் உடம்பின் வயது என்று அவர்கள் கண்டுபிடித்தது எனக்கு நாற்பத்திரண்டு, உனக்கு ஐம்பத்தொன்பது. மரபணு மாறுவதில்லை அக்கா, அதன்மேல் ஒட்டுகிற குறிகள்தான் மாறுகின்றன. எந்த மரபணு பேச வேண்டும், எது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அந்தக் குறிகள் சொல்கின்றன. நாம் தூங்குகிற விதம், சாப்பிடுகிற விதம், மனசை வைத்திருக்கிற விதம் எல்லாம் அங்கே போய்த்தான் ஒட்டுகிறது. பத்து வருஷமாக நான் தொண்டை வறளச் சொன்னதை நம் ரத்தம் ஒரே தாளில் சொல்லிவிட்டது. காட்டாமல் எப்படி இருப்பேன்?

அந்த அறிக்கையில் உனக்கு வெள்ளை அணுக்கள் மிக அதிகம் என்று வந்ததாக ஜனவரியில் சொன்னாய். அதே நினைப்பாக இருக்கிறது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடாதே. உடம்பு உன்னிடம் ஏதோ சொல்ல வருகிறது. அப்பாவை ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்ட கோபத்தை நீ இன்னும் கீழே வைக்கவில்லை. நாற்பது நாள், காலையில் இருபது நிமிடம் உன் மூச்சைக் கவனி. அப்புறமும் குறையாவிட்டால் டாக்டரைப் பார்.

இன்னொன்று. என் புத்தகம் முடியப்போகிறது. அட்டையில் நம் இருவர் படமும் வர வேண்டும் என்று பதிப்பாளர் ஆசைப்படுகிறார். உன் சம்மதம் வேண்டும்.

உன் தங்கை


மார்ச் 9 (அனுப்பாதது)

சின்னவளுக்கு,

இதை உனக்கு அனுப்பப்போவதில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நீ ஓடாதே என்று சொல்வதற்கு முன்பே நான் ஓடிவிட்டேன். ஆஸ்பத்திரியில்தானே எனக்கு வேலை, சலவைக்கூடத்திலிருந்து நான்கு மாடி ஏறினால் டாக்டர். பிப்ரவரி இருபதாம் தேதி ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் போய் நின்றேன். டாக்டர் பழைய அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. இந்தப் பழைய ரிப்போர்ட் உங்களோடதுதானா?" என்றார். என் பேர்தான் போட்டிருக்கிறது என்றேன். "இவ்ளோ எகிறினது தானா இறங்காது. இது யாரோடதோ, அவங்க உடனே வந்து பார்க்கணும். இப்பவே பிடிச்சா மாத்திரையிலேயே வச்சிக்கலாம்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழே வந்து விரிப்பு மடிக்கிற வேலையில் நின்றேன். அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு முனை. மேற்பார்வையாளர் என் எதிரே நின்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் முனையைப் போட்டுவிட்டுப் போனாள். அப்போதுதான் எனக்கு நவம்பர் ஞாபகத்துக்கு வந்தது.

ஆய்வுக்கூடத்து வராந்தாவில் நீ கண்ணை மூடி மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தாய். ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே உனக்கு உயிர் போய்விடும். ஆய்வுக்காரப் பெண் முதலில் கூப்பிட்டது உன் பெயரை. எழுந்து போனது நான். யோசித்து எழவில்லை. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி வரிசையில் உன் பெயர் வந்தால் நான்தானே போய்க் கையை நீட்டுவேன். உன் ஊசி இடது கையில், என் ஊசி வலது கையில். அதிகாலை ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வந்தவளை அந்தப் பழக்கம்தான் எழுப்பி நடத்திக்கொண்டு போயிற்று. குழாயில் உன் பெயர் ஒட்டியிருந்தது. உள்ளே போனது என் ரத்தம். வெளியே வந்து உன் தோளைத் தட்டி, "போ, இப்ப உன் முறை" என்றேன். நீ போய் என் பெயர் ஒட்டிய குழாயில் உன் ரத்தத்தைக் கொடுத்தாய். கடைசிவரை கண்ணைத் திறக்கவே இல்லை என்று பெருமையாக வேறு சொன்னாய்.

ஆக, நாற்பத்திரண்டு நான். நின்றுகொண்டே சாப்பிடுகிறவள், ஷிஃப்டுக்குத் தக்கபடி வாரம் ஒரு நேரத்தில் தூங்குகிறவள், தொட்டதற்கெல்லாம் கத்துகிறவள். ஐம்பத்தொன்பது நீ. அந்த வெள்ளை அணுக்களும் உன்னுடையவை. துணி அடுக்கும் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மறைக்க மாட்டேன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

உடனே உன்னைக் கூப்பிடத்தான் போனைக் கையில் எடுத்தேன். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்புதான் மகள் அந்த வீடியோவைக் காட்டியிருந்தாள். "வாசல்ல நில்லு அக்கா, ஒரு படம் எடுக்கிறேன்" என்று நீ எடுத்த படம். இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, நீராவியில் முடி நெற்றியோடு ஒட்டி நான் வந்து நின்ற நாள். "இவங்க என் அக்கா. பதினோரு நிமிஷம் மூத்தவங்க. பார்த்தா பதினோரு வருஷம் மாதிரி இல்ல?" என்கிறாய். கூட்டம் சிரிக்கிறது. "கோபத்தை இறக்கி வைக்கத் தெரியாதவங்க. இப்ப ரத்தத்துலயே வந்து நிக்குது" என்கிறாய். எனக்கு வியாதி என்று நீ நம்பிக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னது அது. அத்தனை பேர் வாயிலும் என் வியாதியைத் தூக்கிப் போட்டாய்.

முதலில் படத்தை எடு. மன்னிப்புக் கேள். அதுவரை இது என் அலமாரியில் கிடக்கட்டும்.


மார்ச் 10

சின்னவளுக்கு,

சம்மதம் இல்லை. அட்டைக்கும் இல்லை, வகுப்புக்கும் இல்லை.

கெட்ட வாழ்க்கை வாழ்ந்தால் மூஞ்சி இப்படி ஆகும் என்று காட்டுவதற்கு உனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கூடப் பிறந்தவள் கைக்கு வாட்டமாகக் கிடைத்தாள். நான் ஏன் இப்படி வாழ்ந்தேன் என்று அவர்களிடம் சொன்னாயா? அப்பா படுக்கையில் விழுந்த மாதம் "நான் என்னையே தேடணும் அக்கா" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனாய். எனக்குத் தேடுவதற்கு யாரும் தொலைந்துபோகவில்லை, அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார். ஒன்பது வருஷம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்த தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. அதற்கு உன் வகுப்பில் கோபம் என்று பெயர்.

படத்தை எடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று எழுது. பிறகு பேசலாம். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இப்போது சொல்வதாக இல்லை.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை கோபமில்லாமல் படிக்க முடிந்தது.

அந்தப் படத்தைப் பார்த்து எத்தனை பேர் சிகரெட்டை விட்டிருக்கிறார்கள் தெரியுமா? நேரத்துக்குத் தூங்க ஆரம்பித்திருக்கிறார்கள். மாமியாரிடம் பேச ஆரம்பித்த ஒருத்திகூட இருக்கிறாள். அதை எடுத்தால் என் வகுப்பில் மிச்சம் இருப்பது வெறும் பேச்சு. உன் முகத்தை மங்கலாக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான் முடியும். தவிர, அது என் முகமும்தானே அக்கா? என் முகத்தைக் காட்ட எனக்கு உரிமை இல்லையா?

சொல்ல வேண்டியது இருக்கிறது என்றாய். அப்பாவைப் பற்றித்தானே? நீ சொல்லி நான் கேட்காதது அதில் எதுவும் பாக்கியில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். உடம்பு தானாகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டுவிட்டது. நான்கு வாயிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. ஆறு கிலோ இறங்கியிருக்கிறேன், வகுப்பில் எல்லோரும் ரகசியம் கேட்கிறார்கள். கொஞ்சம் அசதி இருக்கிறது. பழைய கழிவு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும். உனக்கு அந்த வெள்ளை அணுக்கள் என்ன ஆயிற்று என்று நீ சொல்லவே இல்லையே.

தங்கை


மே 3

சின்னவளுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. குறைந்துவிட்டது.

நான்கு வாயில் வயிறு நிறைகிறது என்று எழுதியிருக்கிறாய். ஒரு டாக்டரைப் போய்ப் பார். ரத்தம் கொடு. நல்லபடியாக வாழ்கிறவர்கள் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. ஏன் எதற்கு என்று கேட்காதே. இந்த நான்கு வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

படம் இன்னும் ஓடுகிறதாம், மகள் சொன்னாள். மங்கலாகக்கூட ஆக்கவில்லையாம்.

அக்கா


ஜூலை 12

அக்கா,

நீ சொன்ன மாதிரி டாக்டரைப் பார்க்கவில்லை. உனக்கு நாற்பது நாளில் குறைந்ததென்றால் எனக்குக் குறையாதா என்று உட்கார்ந்துவிட்டேன். காலையில் இருபது நிமிடம் இருந்தது ஒரு மணி நேரமாயிற்று, பிறகு இரண்டு மணி நேரம்.

போன வாரம் வகுப்பில் மயங்கி விழுந்தேன். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்து நடத்தினேன். வழக்கம்போல நம் படங்களைப் போட்டேன். முதல் வரிசையில் புதிதாக வந்த பெண் கையைத் தூக்கி, உன் படத்தைக் காட்டி, "இதுதான் மேடம் இப்ப எடுத்ததா?" என்று கேட்டாள். இரண்டிலும் இருப்பது நான்தான், என் படம் பழையது என்று நினைத்திருக்கிறாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் படத்தை எடுத்துவிட்டேன். புத்தகத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். உன்னை வைத்துச் சிரிக்க வைத்தது கேவலம். அப்போதே அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன். மன்னித்துக்கொள்.

தூங்கும்போது உடை நனைகிற அளவுக்கு வியர்க்கிறது. இடது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக உட்கார்ந்திருக்கிறது. தொட்ட இடமெல்லாம் நீலம் பூக்கிறது. நான் எங்கே தப்பாக வாழ்கிறேன் என்று தேடிக்கொண்டே இருக்கிறேன் அக்கா. எந்தக் கோபத்தை இறக்கி வைக்காமல் விட்டேன்? உப்பைக் குறைத்தேன், பேச்சைக் குறைத்தேன், யார் யாரையோ நினைத்து நினைத்து மன்னித்தேன். உனக்குத் தெரிந்தால் சொல். என்னை எனக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவள் நீதான்.

தங்கை


ஜூலை 16

சின்னவளே,

நீ எங்கேயும் தப்பாக வாழவில்லை. தேடுவதை முதலில் நிறுத்து.

இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன், மார்ச் ஒன்பது என்று தேதி போட்டது. அதைப் படி. டாக்டர் பார்த்த இரண்டு அறிக்கைகளும் கூட இருக்கின்றன. மகளிடம் கொடுத்து அனுப்புகிறேன். குழாய் மாறிப்போன விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். உன்னை இன்றைக்கே எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வருவாள். அவளோடு சண்டை போடாமல் கிளம்பு.

நேற்றுதான் தெரிந்தது என்று புதிதாக ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். இரண்டு முறை எழுதினேன். நன்றாகவே வந்தது, நீ நம்பியிருப்பாய். பிறகு இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

நீ மன்னிப்புக் கேட்டதும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மார்ச்சில் கேட்பாய் என்று நினைத்தேன், ஏப்ரலில் கேட்பாய் என்று நினைத்தேன். மே மாதம் அந்த நான்கு வரியை எழுதிவிட்டு, என் கடமை முடிந்தது என்று கை கழுவிக்கொண்டேன். ஆறு கிலோ இறங்கிவிட்டேன் என்று நீ எழுதியபோது அது எதனால் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கூட்டம் சிரித்த சத்தம் காதிலிருந்து போகவில்லை. உன் மன்னிப்பு எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. இப்போது வந்துவிட்டது. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

போன் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்டால் என் குரலில்தான் கேட்பாய்.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்கா,

படித்தேன். உன் மகள் காரை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். "என்ன சித்தி எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். பழைய கதை என்றேன்.

இங்கே தினமும் ஊசி. கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே போட்டுக்கொள்கிறேன். மருந்து ஏறும்போது மூச்சைக் கவனித்தால் நடுக்கம் கொஞ்சம் அடங்குகிறது, அந்த அளவுக்கு அது உண்மைதான். "நவம்பர்ல இருந்தது வேற நிலைமைம்மா, இப்ப இது வேற. மாத்திரை மட்டும் போதாது. பார்க்கலாம்" என்கிறார் டாக்டர். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். உன் மார்ச் ஒன்பதாம் தேதி தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதை அவருக்கும் காட்டவில்லை, உன் மகளுக்கும் காட்டவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மகள் தினமும் உன் கையால் சாப்பிட வேண்டுமே என்றுதான்.

ஆய்வுக்காரப் பெண் வந்திருந்தாள். குழாய் மாறியதற்கு அவள்தான் அழுதாள். என் உடம்பின் வயதைப் பற்றிக் கேட்டேன். நோய்ப்பட்ட ரத்தம் வயதைத் தாறுமாறாகக் காட்டுமாம், அந்த ஐம்பத்தொன்பதில் என் வாழ்க்கை எவ்வளவு, என் நோய் எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாதாம். உன் நாற்பத்திரண்டையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, ஒருநாள் ரத்தத்தை வைத்து ஓர் ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவே கூடாதாம். "அப்ப தூக்கம், சாப்பாடு, மனசு, இதெல்லாம் பொய்யா?" என்றேன். "பொய்யில்லைங்க. அந்தக் குறிகள் மாறத்தான் செய்யும். ஆனா கொஞ்சம். அறிக்கையிலயே கொஞ்சம்னுதான் எழுதியிருந்தோம்" என்றாள். அவள் போன பிறகு அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். எழுதித்தான் இருக்கிறது. பத்து வருஷத்தில் ஒரு வகுப்பில்கூட நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கொஞ்சம் என்று சொன்னால் யார் வருவார்கள்?

உன்னை முழுதாகக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அந்த அறிக்கை என் பெயரிலேயே வந்திருந்தாலும் நாற்பது நாள் மூச்சைக் கவனித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். உனக்கே அதைத்தானே எழுதினேன், ஆஸ்பத்திரிக்கு ஓடாதே என்று. நல்லவேளை, நீ கேட்கவில்லை. ஆனால் நான் தெரியாமல் சொன்னேன். நீ தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தாய், ஐந்து மாதம். நடுவில் நான் மெலிவதையும் படித்துக்கொண்டு இருந்தாய். இதைத் தாண்டி என்னால் யோசிக்க முடியவில்லை.

நீ இந்தக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில்தான் வேலை செய்கிறாய் என்று தெரியும். இந்த விரிப்புகள் உன் கையைத் தாண்டித்தான் வருகின்றன. இரண்டு நாள் நீ மூன்றாவது மாடிவரை ஏறி வந்துவிட்டுத் திரும்பியதாக உன் மகள் சொன்னாள்.

ஏறி வராதே அக்கா. கோபம் இருக்கிறது, ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. என் முகத்தில் இப்போது எலும்புதான் இருக்கிறது, முடி போய்விட்டது. நீ இந்த வாசலில் வந்து நின்றால், பிப்ரவரியிலேயே நீ போன் செய்திருந்தால் நான் இன்றைக்கு எப்படி இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

தங்கை